வாட்ச் சார்ஜும் புளூடூத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்மார்ட்வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் மாதிரியான கருவிகளுக்கு உள்ளே ஓடும் மென்பொருளை எழுதுவது என் வேலை. இது தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரி ப்ராஜெக்ட் செய்யும் பசங்க என்று எல்லோரும் கேட்பது ஒரே விஷயம்தான், சார்ஜ் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது, புளூடூத்தை என்ன செய்யலாம். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. முதல் பாதி கையில் வாட்ச் கட்டுகிறவர்களுக்கு, பின்பாதி சொந்தமாகக் கருவி செய்கிறவர்களுக்கு.

எப்பவும் புளூடூத் ஆன்லயே இருந்தா வாட்ச் சார்ஜ் போயிடாதா?

போகும், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. "இணைந்திருக்கிறது" என்று திரையில் காட்டினாலும் ரேடியோ பெரும்பாலான நேரம் அணைந்துதான் கிடக்கிறது. வாட்சும் போனும் அடுத்து எப்போது பேசுவது என்று முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்கின்றன. அந்த நேரம் வந்ததும் இரண்டும் விழித்து, சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லி, இல்லாவிட்டால் "ஒன்றும் இல்லை" என்று ஒரு குட்டிப் பாக்கெட்டை (அலையில் போகும் டேட்டா பொட்டலம்) மாற்றிக்கொண்டு மறுபடி தூங்கப் போய்விடும். ஒரு தடவை விழிப்பதற்கு ஓரிரு மில்லிசெகண்ட் போதும்.

இந்த முறைக்குப் பெயர் புளூடூத் லோ எனர்ஜி. நோக்கியா 2006-ல் விப்ரீ என்ற பெயரில் வெளியிட்டது, 2010-ல் புளூடூத் 4.0-வுக்குள் சேர்ந்தது. பழைய புளூடூத்தும் இதுவும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தாலும் வேலை செய்யும் விதம் வேறு.

ஒரு கணக்கு சொல்கிறேன், பின்னால் வரும் பதில்களுக்கும் இது தேவைப்படும். நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832 இந்த மாதிரிக் கருவிகளில் நிறையப் பயன்படும் சிப். அதில் ரேடியோ ஓடும்போது சுமார் 5 மில்லி ஆம்பியர் இழுக்கும், கடிகாரம் மட்டும் ஓடத் தூங்கும்போது சுமார் 2 மைக்ரோ ஆம்பியர். கிட்டத்தட்ட 2,500 மடங்கு வித்தியாசம். அதனால் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, எத்தனை தடவை விழிக்கிறது, விழித்தால் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

அப்போ சார்ஜை எதுதான் தின்னுது?

முதலில் திரை. அப்புறம் ஜிபிஎஸ், மணிக்கட்டில் பச்சையாக மின்னும் இதயத்துடிப்பு சென்சார், அதிரும் மோட்டார், ஸ்பீக்கர். 2014-ல் வந்த முதல் மி பேண்டில் இருந்தது வெறும் 41 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி, 30 நாள் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். திரையே கிடையாது, மூன்று எல்இடி விளக்கு மட்டும். அதைவிடப் பல மடங்கு பெரிய பேட்டரி வைத்த ஆப்பிள் வாட்சுக்கு அந்த நிறுவனம் பல வருடங்களாகச் சொல்லிவந்த கணக்கு 18 மணி நேரம். இரண்டும் போனோடு பேசுவது புளூடூத்தில்தான்!

ஆனால் புளூடூத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால் ரேடியோ செய்தியை வாங்குகிறது, மோட்டார் அதிர்கிறது, நீங்கள் கையைத் தூக்கியதும் திரை எரிகிறது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் காலை வணக்கம் நாற்பது வந்தால் இது நாற்பது தடவை நடக்கும். சார்ஜ் நிற்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வாட்ச் ஆப்புக்குள் போய், அழைப்பும் உங்களுக்கு நிஜமாகவே வேண்டிய ஓரிரு ஆப்பும் தவிர மற்ற எல்லா நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள் என்பதுதான். வேறு எந்த அமைப்பை மாற்றினாலும் இந்த அளவுக்குப் பலன் தெரியாது.

ராத்திரி தூங்கும்போது போன்ல புளூடூத்தை ஆஃப் பண்ணிடறேன். நல்லதுதானே?

வாட்சுக்கு நல்லதில்லை. இணைப்பு அறுந்ததும் வாட்ச் சும்மா இருக்காது, "நான் இங்கே இருக்கிறேன், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விளம்பரப் பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டே போகிற மாதிரி. ஒவ்வொரு கூவலும் 37, 38, 39 என்ற மூன்று சேனல்களிலும் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் அனுப்பிவிட்டு யாராவது பதில் சொல்கிறார்களா என்று கொஞ்சம் காது கொடுக்கவும் வேண்டும். அமைதியாக இணைந்திருக்கும்போது மாற்றிக்கொள்ளும் அந்த ஒரு குட்டிப் பாக்கெட்டைவிட இது செலவு.

ஒழுங்காக எழுதிய மென்பொருள் முதல் கொஞ்ச நேரம் வேகமாகக் கூவிவிட்டு, பிறகு இடைவெளியை நீட்டிவிடும். விதிப்படி 20 மில்லிசெகண்டிலிருந்து 10.24 விநாடி வரை வைக்கலாம். மலிவு வாட்ச்கள் எல்லாமே இதைச் செய்யும் என்று நம்ப வேண்டாம். காலையில் புளூடூத்தைத் திரும்ப ஆன் செய்தால் இணைப்பை உண்டாக்க வேண்டும், குறியாக்கத்தை (என்கிரிப்ஷன்) தொடங்க வேண்டும், ராத்திரி சேர்ந்த தூக்கக் கணக்கையெல்லாம் மொத்தமாக இறக்க வேண்டும். ராத்திரி மிச்சப்படுத்த வேண்டும் என்றால் வாட்சிலேயே 'தொந்தரவு செய்யாதே' அல்லது ஸ்லீப் மோடு போடுங்கள், அல்லது வாட்சில் விமானப் பயன்முறை இருந்தால் அதைப் போடுங்கள். போனைத் தொட வேண்டியதில்லை.

போனை வீட்டுல வச்சிட்டு வாக்கிங் போனா?

சாதாரண பேண்ட் என்றால் மேலே சொன்ன கூவல் கதைதான், ஒரு மணி நேரத்துக்குப் பெரிதாகத் தெரியாது. வைஃபை, சிம் வசதி உள்ள வாட்ச் என்றால் கதை வேறு. ஆப்பிள் வாட்ச் போன் பக்கத்தில் இருந்தால் புளூடூத், இல்லாவிட்டால் வைஃபை, அதுவும் இல்லாவிட்டால் மொபைல் நெட்வொர்க் என்று வரிசையாகத் தாவும். கூகுளின் வேர் ஓஎஸ் வாட்ச்களும் ஏறக்குறைய இப்படித்தான். தாவும் ஒவ்வொரு படியும் முந்தையதைவிட அதிகம் குடிக்கும். சிம் போட்ட வாட்சோடு போனில்லாமல் ஓடப் போகிறவர்கள், அழைப்பு எதுவும் எதிர்பார்க்கவில்லை என்றால், அந்த நேரத்துக்கு மொபைல் நெட்வொர்க்கை அணைத்துவிடலாம்.

வாட்ச் ஆப்பை ரீசன்ட்ஸ்ல இருந்து தள்ளி விட்டா போன் சார்ஜ் மிச்சமாகும்தானே?

தள்ளாதீர்கள். ஆண்ட்ராய்டு போன்களில் பல மாடல்கள் அப்படித் தள்ளினால் ஆப்பை முழுதாகக் கொன்றுவிடும், அதோடு புளூடூத் இணைப்பும் போகும். பிறகு நீங்கள் ஆப்பைத் திறக்கும்போதோ அதுவாக எழும்போதோ தேடல், இணைப்பு, சிங்க் எல்லாம் முதலிலிருந்து. போனுக்கு ரேடியோவில் செலவு வைக்கும் வேலை தேடுவதுதான், ஏனென்றால் தேடும்போது ரேடியோ நீண்ட நேரம் தொடர்ந்து காது கொடுக்க வேண்டும். அதனால்தான் ஆண்ட்ராய்டு 8.1-லிருந்து, எந்தக் கருவி வேண்டும் என்று குறிப்பிடாமல் பொதுவாகத் தேடும் ஆப்களை, திரை அணைந்ததும் கூகுளே நிறுத்திவைக்கிறது.

போன் அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய், வாட்ச் ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். சார்ஜை மிச்சம் பிடிக்கக் கட்டுப்பாட்டை நீக்கச் சொல்கிறானே என்று தோன்றலாம். அடிக்கடி அறுந்து ஒட்டும் இணைப்பைவிட அறுபடாத இணைப்பு மலிவு, அவ்வளவுதான்.

வாட்ச் வாங்கினதுல இருந்து போன் சார்ஜ்தான் சீக்கிரம் இறங்குது, ஏன்?

புளூடூத் இணைப்பு மட்டும் 5,000 எம்ஏஎச் பேட்டரியை அப்படி இறக்காது. ஆப் என்ன செய்கிறது என்று பாருங்கள். வாட்சில் வானிலை காட்ட வேண்டும் என்று அடிக்கடி உங்கள் இருப்பிடத்தை எடுக்கும், ஓட்டப் பதிவுக்குப் போனின் ஜிபிஎஸ்ஸை இரவல் வாங்கும், எடுத்த கணக்கையெல்லாம் சர்வருக்கு ஏற்றும். போன் அமைப்புகளில் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பட்டியல் இருக்கும். வாட்ச் ஆப் மேலே இருந்தால் இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றிப் பாருங்கள். சில ஆண்ட்ராய்டு ஆப்கள் அதற்கு முரண்டு பிடிக்கும், அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் புளூடூத் காலிங் வாட்ச் போன்ல ரெண்டு பேர்ல காட்டுது. எதுக்கு ரெண்டு?

நல்ல கேள்வி. நம்ம ஊரில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காலிங் வாட்ச் பலவற்றில் இரண்டு இணைப்பு ஓடுகிறது. ஆப்போடு பேச லோ எனர்ஜி ஒன்று, அழைப்பின் குரலுக்குப் பழைய புளூடூத் இன்னொன்று, அதாவது காரில் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு இருப்பதுதான். இரண்டாவதை எப்போதும் உயிரோடு வைத்திருக்கச் செலவு உண்டு. பேசும்போது ஸ்பீக்கரும் சேர்ந்துகொள்ளும்.

பெட்டியில் 'காலிங் இல்லாமல் 7 நாள், காலிங்கோடு 2 நாள்' என்கிற மாதிரிப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். வாட்சில் பேசுகிற பழக்கம் இல்லையென்றால் வாட்ச் அமைப்பிலேயே காலிங்கை அணைத்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷன், அடிக்கணக்கு எல்லாம் வழக்கம்போல வரும்.

பேண்ட் பத்து நாள் வருது, இயர்பட்ஸ் ஆறு மணி நேரத்துல படுத்துடுதே? ரெண்டும் புளூடூத்தானே?

பேண்ட் தூங்கித் தூங்கி விழிக்கிறது, இயர்பட்ஸுக்குப் பாட்டு ஓடும் வரை தூக்கமே கிடையாது. ஒலி தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், அதை விரித்துப் பெருக்கி ஒலிக்க வேண்டும், சத்தம் குறைக்கும் வசதி இருந்தால் அந்தக் கணக்கு வேறு. பேட்டரியோ காதுக்குள் அடங்க வேண்டும். புளூடூத் 5.2-வோடு வந்த எல்இ ஆடியோ, அதன் எல்சி3 என்ற புதிய சுருக்கும் முறை, இரண்டும் குறைந்த டேட்டாவில் அதே தரத்தைக் கொடுப்பதால் இதில் நிலைமை கொஞ்சம் மாறும். போன், இயர்பட்ஸ் இரண்டிலும் அது இருந்தால்தான் உண்டு.

5.3 போட்ட வாட்ச் வாங்கினா 5.0-ஐ விட சார்ஜ் அதிகம் நிக்குமா?

எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். புளூடூத்தின் ஒவ்வொரு பதிப்பிலும் வரும் புது வசதிகளில் பெரும்பாலானவை விருப்பத்துக்கு விடப்பட்டவை. 5.3 என்று போட்டுவிட்டு அதன் புது வசதி எதையும் சேர்க்காமலும் விற்கலாம், விதிமீறல் இல்லை. போன் பக்கமும் அதே வசதி இருக்க வேண்டும். சார்ஜ் விஷயத்தில் நிஜமாகப் பயன்பட்டவை என்று நான் சொல்வது மூன்று: 4.2-ல் (2014) பாக்கெட்டின் அளவு 27 பைட்டிலிருந்து 251 பைட்டாக வளர்ந்தது, 5-ல் (2016) இரண்டு மடங்கு வேகம் வந்தது, 5.3-ல் (2021) இணைப்பு மெதுவான நடையிலிருந்து வேகமான நடைக்குச் சட்டென்று மாறும் வசதி வந்தது.

5-ல் 'லாங் ரேஞ்ச்' என்று ஒன்றும் வந்தது. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே செய்தியை வினாடிக்கு 125 கிலோபிட் வேகத்தில் இழுத்து இழுத்துச் சொல்வதால்தான் தூரம் கிடைக்கிறது. சாதாரண வேகத்தைவிட எட்டு மடங்கு நேரம் ரேடியோ எரியும். கையிலிருந்து சட்டைப் பையில் இருக்கும் போனோடு பேச அது எதற்கு?

வாட்ச் இடது கை, போன் வலது பின் பாக்கெட். இதுக்கும் சார்ஜுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, சிறிய அளவில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். குறுக்கே உடம்பு நின்றால் பாக்கெட்டுகள் தொலையும், தொலைந்ததைத் திரும்ப அனுப்ப வேண்டும், அதாவது விழித்திருக்கும் நேரம் கூடும். வீட்டுக்குள் சுவர் அலையைத் திருப்பிக் கொடுப்பதால் சமாளித்துவிடும், திறந்த மைதானத்தில் நடக்கும்போதுதான் அதிகம் தெரியும். இதற்காகக் கையை மாற்றிக் கட்ட வேண்டாம், போனை அதே பக்கப் பாக்கெட்டில் வைத்தால் போதும்.

இனி வருவது செய்கிறவர்களுக்கு.

அளந்த டேட்டாவை உடனே உடனே அனுப்பணுமா, சேர்த்து வச்சு அனுப்பலாமா?

சேர்த்து அனுப்புங்கள், அவசரம் இல்லையென்றால். சர்க்கரை அளவைத் தொடர்ந்து பார்க்கும் டெக்ஸ்காம் ஜி6 கூட 5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் அளவை அனுப்புகிறது, ஒரு நாளைக்கு 288 தடவை. உங்கள் அடிக்கணக்கு அதைவிட அவசரமா?

எவ்வளவு மிச்சமாகும் என்று போட்டுப் பாருங்கள். 1 மெகாபிட் வேகத்தில், குறியாக்கத்தை விட்டுவிட்டு, ஒரு பாக்கெட்டுக்கு முன்னும் பின்னும் 10 பைட், அதற்கு மேல் எல்2கேப், ஏடிடி என்ற புளூடூத்தின் மேலடுக்குகள் சேர்க்கும் தலைப்புகள் 7 பைட். 20 பைட் டேட்டா அனுப்ப 296 மைக்ரோசெகண்ட், 150 இடைவெளி, 80 பதில், மறுபடி 150 இடைவெளி, ஆக 676. பைட்டுக்கு 34 மைக்ரோசெகண்ட். அதே முறையில் 251 பைட் பாக்கெட்டில் 244 பைட் டேட்டா போட்டால் 2,468, பைட்டுக்கு 10. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இதற்கு எம்டியு (ஏடிடி ஒரு தடவையில் ஏற்கும் அளவு), டேட்டா லெங்க்த் (ரேடியோ பாக்கெட்டின் அளவு) இரண்டையும் பெரிதாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வேகம் வரவில்லையே என்று வந்து நிற்பவர்கள்தான் அதிகம்.

கனெக்‌ஷன் இன்டர்வெல் எவ்வளவு வைக்கணும்?

அடுத்தடுத்த இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே உள்ள நேரம்தான் இது. விதி வழக்கமாக 7.5 மில்லிசெகண்டிலிருந்து 4 விநாடி வரை, 1.25-இன் மடங்காக, அனுமதிக்கிறது. முதல் பதிலில் சொன்ன 5 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை விழிக்க 2 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். 30 மில்லிசெகண்ட் இடைவெளி என்றால் சராசரி 0.33 மில்லி ஆம்பியர், 200 எம்ஏஎச் பேட்டரி 25 நாளில் காலி, இணைப்புக்கு மட்டும். 1 விநாடி என்றால் 0.01 மில்லி ஆம்பியர், கணக்குப்படி இரண்டு வருடத்துக்கு மேல், அதற்குள் வேறு ஏதாவது அதைத் தீர்த்துவிடும்.

கருவி இவ்வளவு வேண்டும் என்று கேட்கத்தான் முடியும், முடிவு போன் கையில். ஆண்ட்ராய்டில் ஆப்பிலிருந்து மூன்று நிலை கேட்கலாம்: வேகம் என்றால் 11.25 முதல் 15, நடுத்தரம் 30 முதல் 50, சிக்கனம் 100 முதல் 125 மில்லிசெகண்ட். ஐபோனில் ஆப்புக்கு அந்த வசதி இல்லை, கருவி கேட்க வேண்டும், ஆப்பிள் வகுத்த வரம்புக்குள் இருந்தால்தான் கிடைக்கும். சிங்க் தொடங்கும்போது வேகத்தைக் கேளுங்கள், முடிந்ததும் மறக்காமல் சிக்கனத்துக்குத் திரும்புங்கள். இந்த "முடிந்ததும்" எழுதப்படாத ப்ரோகிராம் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

நோட்டிஃபிகேஷனும் உடனே வரணும், சார்ஜும் நிக்கணும். முடியுமா?

பாதி முடியும், ஸ்லேவ் லேட்டன்ஸி (வாட்ச் எத்தனை சந்திப்பைத் தவிர்க்கலாம் என்ற எண்) அதற்குத்தான். இன்டர்வெல் 30 மில்லிசெகண்ட், லேட்டன்ஸி 29 என்று வைத்தால், சொல்ல ஒன்றும் இல்லாதபோது வாட்ச் 29 சந்திப்புகளைத் தவிர்த்துவிட்டு 900 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை விழித்தால் போதும். வாட்சிடம் செய்தி இருந்தால் அடுத்த 30 மில்லிசெகண்டுக்குள் சொல்லிவிடலாம். எதிர்ப்பக்கம்தான் தாமதம், போன் அனுப்புவது 900 மில்லிசெகண்ட் வரை காத்திருக்கலாம். நோட்டிஃபிகேஷன் ஒரு விநாடி தள்ளி வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

இதில் போன் மட்டும் எல்லாச் சந்திப்புக்கும் வந்து நிற்கும். 5,000 எம்ஏஎச் வைத்திருப்பவர் காத்திருக்கட்டும், 200 எம்ஏஎச் வைத்திருப்பவர் தூங்கட்டும், நியாயம்தான். சூப்பர்விஷன் டைம்அவுட்டை (எவ்வளவு நேரம் சத்தம் இல்லாவிட்டால் இணைப்பு அறுந்ததாக எண்ணுவது என்ற வரம்பு) மட்டும் கவனியுங்கள், அது இந்த 900-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். 4 அல்லது 6 விநாடி வைத்தால் ஓரிரு விழிப்பு தவறினாலும் இணைப்பு அறாது.

அப்போ 4 விநாடிக்கே வச்சிடலாமே?

ஒரு எல்லைக்கு மேல் லாபம் சுருங்கும். இரண்டு பக்கக் கடிகாரமும் கொஞ்சம் பிசகும். சேர்த்து 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பிசகு என்றால் 4 விநாடியில் 0.4 மில்லிசெகண்ட். போன் முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம் என்பதால் வாட்ச் அவ்வளவு முன்னதாகவே ரேடியோவைத் திறந்து, அவ்வளவு பின்வரை காது கொடுக்க வேண்டும். மலிவு கிரிஸ்டல் (கடிகாரத்துக்குத் துடிப்பு கொடுக்கும் பாகம்) போட்டு 500 பிபிஎம் என்றால் முன்னே 2, பின்னே 2 மில்லிசெகண்ட், மேலே ஒரு விழிப்புக்கு மொத்தமே 2 என்றுதான் கணக்குப் போட்டோம். கிரிஸ்டலில் ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ட்ரான்ஸ்மிட் பவரைக் குறைச்சா எவ்வளவு மிச்சம்?

குறைவுதான். முதல் பதிலில் சொன்ன என்ஆர்எஃப்52832 சிப்பில் 0 டிபிஎம்மில் (அனுப்பும் சக்தியின் அலகு) அனுப்ப 5.3 மில்லி ஆம்பியர், கேட்க 5.4. சும்மா சந்திக்கும்போது கேட்பதற்கும் காத்திருப்பதற்கும்தான் அதிக நேரம் போகிறது. +4-இல் இருந்தால் 0-க்கு இறக்குங்கள், 7.5-லிருந்து 5.3 ஆகும். அதற்கும் கீழே போனால் பாக்கெட் தொலைந்து திரும்ப அனுப்புவதில் மிச்சம் பிடித்தது போய்விடும், உடம்பு குறுக்கே நிற்கும் விஷயத்தை மறக்க வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின இஎஸ்பி32-ல ஹெல்த் பேண்ட் ப்ராஜெக்ட். பேட்டரி ஒரு நாள் கூட வரலையே?

இஎஸ்பி32 நல்ல சிப், ஆனால் ரேடியோ ஓடும்போது 100 மில்லி ஆம்பியர் பக்கம் இழுக்கும். டீப் ஸ்லீப்பில் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் என்றாலும் அப்போது புளூடூத் இணைப்பு நிற்காது. அதனால் இணைப்பையே மறந்துவிடுங்கள். விழித்ததும் அளந்து, அளவை விளம்பரப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்து (31 பைட் இடம் இருக்கிறது) சில தடவை கூவிவிட்டு உடனே தூங்க விடுங்கள். போன் ஆப் அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் கேட்க முடியும் என்பதால் உண்மையான நோயாளி டேட்டாவை அப்படியே போட வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் இறங்கினால் சிப்பை விட்டுவிட்டு போர்டைப் பாருங்கள். டெவலப்மென்ட் போர்டில் எரியும் சிவப்பு எல்இடி, யுஎஸ்பி சிப், மின்னழுத்தத்தைச் சீராக்கப் பல போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து, சிப் தூங்கும்போதும் சில மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரிக்குத் தொடராக மல்டிமீட்டரை வைத்துத் தூக்கத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்துவிட்டு அப்புறம் ப்ரோகிராமைத் திறவுங்கள்.